மசகு போடாத வண்டியில் போனவர்

சென்ற வியாழக்கிழமை காலை பண்டாரவளை ரயிலடியில் என் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தின் தபால்காரர் செபமாலை தோல்பையைத் தோளில் மாட்டியபடி நேராக என்னிடம் வந்தார். வழக்கமாக என்னைக் கண்டால் பத்தடி தள்ளிப் போகிறவர். அவருடைய முன்பல்லைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பது அப்படி.

“சுப்பையாண்ணே, வீரமுத்தண்ணே போயிட்டாரு. வெள்ளன அஞ்சு மணிக்கு.”

“போறேன் போறேன்னு ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தான இருந்தாரு. ஒரு வழியா கெளம்பிட்டாரா?” என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் வெற்றிலை கசந்தது.

செபமாலை சிரிக்கவில்லை. “மயானத்துக்கு ஒங்க வண்டியிலதான் போவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“ஏன், தூக்குறதுக்கு லயத்து வீடுகள்ல ஆளு இல்லயா?”

“எனக்கென்னா தெரியும்? அவரு வீட்டு அக்கா சொல்லச் சொன்னாங்க, சொல்லுறேன். இன்னொண்ணும் சொன்னாராம். சக்கரத்துக்கு மசகு போடாம வரணுமாம்.”

மசகு என்பது விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி அச்சுக்குப் பூசுகிற கறுப்புச் சாந்து. அதைப் பூசாத வண்டி ஒரு மைலுக்கு முன்னாலேயே ஊரைக் கூட்டிவிடும். செத்த மனிதர் ஒருவர் இப்படி ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போவாரா என்று கேட்பீர்கள். வீரமுத்து அவர்களை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அவர் தங்கமான மனிதர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்றெல்லாம் நான் எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார். உள்ளபடியே எழுதிவிடுகிறேன்.

அவரை நான் முதன்முதலில் கண்டபோது இருவருக்கும் மீசை கறுப்பு. அவர் அந்தப் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரையின் குதிரைக்காரர். நான் பண்டாரவளையிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப்போகும் வண்டிக்காரன். துரையின் குதிரை என் வண்டியில் கட்டியிருந்த வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. கடிவாளத்தைப் பிடித்தபடி அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

“யோவ், அது எம் மாட்டுத் தீனிய்யா.”

“தொரை குதிரைங்க. நீங்க வேணும்னா அதுங்கிட்டயே கேட்டுப் பாருங்க. இங்கிலீசுல கேக்கணும்.”

அன்றிலிருந்து எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். எந்த உறவும் கிடையாது. ஒருவரையொருவர் ஏசிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டதுதான்.

அந்தக் குதிரைக்கு ராணி என்று பெயர். இருபது வருஷம் அதற்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, அதன் லாயத்திலேயே பாதி வாழ்க்கையைப் படுத்துக் கழித்தவர் அவர். துரை கார் வாங்கினார். கார் வந்த மூன்றாம் நாள் கிழட்டுக் குதிரையைத் தேயிலைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சுட்டார். குழி வெட்டியவர் வீரமுத்து அவர்கள். குழியை மூடிவிட்டு வந்தவர் கையில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒரு துணியைக் கொடுத்து, இனி காரைத் துடைக்கும்படி சொன்னார். துடைத்தார். அந்தக் காருக்கும் ராணி என்றே பெயர் வைத்தார். நான் விடுவேனா?

“முந்துன சம்சாரம் செத்து ஈரம் காயல. அதுக்குள்ள ரெண்டாந்தாரத்துக்கும் அதே பேரா மாப்ளே?”

அவர் கோபப்படவில்லை. “குதிரைக்காவது வாய் இருந்துச்சு மச்சான். நோவுன்னா கனைக்கும். இதுக்கு வாய் இல்ல. வாயில்லாததத்தான் கவனமாப் பாத்துக்கணும்” என்றார்.

காரை ஓட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஓர் இளம் டிரைவர் வந்திருந்தான். அவன் வீரமுத்து அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், “ஏய் குதிரை” என்பான். மற்றத் தோட்டத்து டிரைவர்மாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைக் கண்டால் கனைப்பார்கள். அவரோ எதையும் காட்டிக்கொள்ளாமல், டிரைவர் சாப்பிடப் போகும் நேரத்தில் தேயிலை பெக்டரி முற்றத்தில் காரை முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டப் பழகிக்கொண்டார். ஒருநாள் அந்த டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடம் பார்த்துப் போய்விட்டான். ஸ்டியரிங்கின் முன்னால் இருக்கை காலியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் துரைமார் கூடி, தாங்களே ஓட்டும் கார்ப் பந்தயம் வைத்தார்கள். ரயில் அப்போது பதுளை வரை போகவில்லை, பண்டாரவளையோடு நின்றுவிடும். ஊருக்கு அப்பால் புல் மூடிய பத்தனைக் குன்று ஒன்று உண்டு. கீழேயிருந்து கிளம்பி, வளைந்து வளைந்து உச்சிக்கு ஏறி, அங்கே நட்ட கொடியைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி வரவேண்டும். சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இதென்ன என்று பாதிரியார் முனகினாராம். பிறகு அவரும் மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார்.

துரை வீரமுத்து அவர்களிடம் கிளாக்கர் வழியாகச் சொல்லியிருந்தார். பந்தயத்தில் கார் ஒழுங்காக ஓடினால் திங்கட்கிழமையிலிருந்து நீதான் டிரைவர். ஏதாவது கெட்டுப்போனால் காலைப் பெரட்டில் கூலியாட்களோடு போய் நின்று மம்பட்டி வாங்கிக்கொள்.

பதுளைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் காசிம் நானா, பந்தயத்துக்கு வரும் கூட்டத்துக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் விற்க வந்தார். அவருடைய அடுப்பு, மாவு, கெண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது என் வண்டி. குன்றின் மேல்பக்கம் துரைமார் வெள்ளைக் கூடாரம் அடித்துக் கிராமபோன் வைத்துக்கொண்டார்கள். கீழ்ப்பக்கம், காற்று எல்லாத் தூசியையும் கொண்டுவந்து கொட்டுகிற இடம் எங்களுக்கு. வண்டியின் நுகத்தடியிலிருந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். நானா, மாப்பிள்ளை, நான் மூன்று பேரும் அதற்குள் இரண்டு நாள். மூட்டையோடு மூட்டையாய் நெருக்கிப் படுத்தது, குளிருக்கு நானாவின் ரொட்டிக்கல்லைச் சுற்றி உட்கார்ந்தது, ஒருவர் போர்வையை ஒருவர் திருடியது என்று எங்களுக்கும் அது திருவிழாவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஒத்திகையில் ராணி கத்தினாள். ஒவ்வொரு வளைவிலும் துரை பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்திலிருந்து ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். மேலே கூடாரத்திலிருந்த மற்றத் துரைமார் பன்றி கத்துவதுபோல் கத்திக் காட்டினார்கள். துரைசானிகளும் சேர்ந்து சிரித்தார்கள். எங்கள் துரை காரிலிருந்து இறங்கும்போது முகம் தக்காளி. கிளாக்கர் ஓடிவந்து சொன்னார்:

“வீரமுத்து, நாளைக்கும் இந்தச் சத்தம் வந்துச்சுன்னா திங்கக்கிழமை மம்பட்டிதானாம். துரை சொல்லச் சொன்னாரு.”

சாயங்காலம் மாப்பிள்ளை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் அவரை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. முகத்தில் விளையாட்டே இல்லை.

“மச்சான், கேலி பண்ணாமச் சொல்லுங்க. ஒங்க சக்கரம் கத்துனா என்னா செய்வீங்க?”

“மசகு போடுவேன்.”

“காருக்குமா?”

“சக்கரம்னா சக்கரந்தான் மாப்ளே. அதுவும் வட்டமாத்தான இருக்கு?”

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நானா நிமிர்ந்தார். “சுப்பையா, நீ சும்மா ஈக்க மாட்டியா? வீரமுத்து, அங்க இவ்ளோ டிரைவர்மார் ஈக்கிறாங்க. ஒருத்தன்கிட்டக் கேளும்.”

“அவனுங்ககிட்டப் போயி நிக்க மாட்டேன் நானா. கனைப்பானுங்க. முப்பது வருசம் சக்கரத்தோட கெடக்குறவரு எங்க மச்சான். அவருக்குத் தெரியாததா?”

இனி எழுதப்போவதை இத்தனை வருஷமும் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அன்று மத்தியானம்தான் வேறொரு தோட்டத்து டிரைவர் தன் காரின் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் இருந்த வட்டத் தகட்டையும் அதைச் சுற்றியிருந்த பட்டையையும் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்த்தபோது, “கிட்ட வராத பெரியவரே, இதுல ஒரு சொட்டு எண்ணெ பட்டாலும் பிரேக் புடிக்காது” என்று சொன்னார். அது என் காதில்தான் இருந்தது. என் கணக்கு வேறு. கார் கொஞ்சம் வழுக்கும், துரை ஏசுவார், மாப்பிள்ளை திருதிருவென்று விழிப்பார், அதை வைத்து ஒரு வருஷம் சிரிக்கலாம். கார் வந்த பிறகு தோட்டங்களில் என் வண்டியைச் சீந்துவார் குறைந்துபோன வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருந்தது. அதையும் மறைப்பானேன்.

ஞாயிறு விடிந்ததும் வண்டிக்கடியில் தொங்கிய மூங்கில் குழாயை அவிழ்த்து நானே அவர் கையில் கொடுத்தேன். நான்கு விரலாலும் மசகை அள்ளி, பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் அப்பினார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அத்தனை பதமாக. பிறகு நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டார். காரைத் தள்ளி நகர்த்திக் காட்டினார். சத்தமே இல்லை. ராணி பூனைபோல நடந்தாள்.

என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “மச்சான், திங்கக்கிழமை ஒங்கள மொதல் ஆளா ஏத்திக்கிட்டுப் போறேன்” என்றார்.

துரை வந்தார். சத்தம் இல்லாததைப் பார்த்து மாப்பிள்ளையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இருபது வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளில் பட்டது அன்றுதான், அடிக்காமல். பிறகு கிளாக்கரிடம் ஏதோ சொன்னார். மேட்டில் ஏறும்போது பின்சக்கரம் மண்ணைக் கவ்வுவதற்குக் காரின் பின்னால் பாரம் வைப்பது துரைமார் வழக்கம். மற்றவர்கள் மணல் மூட்டை வைத்திருந்தார்கள்.

“மணல் மூட்டை வெச்சா மெத்தையக் கிழிச்சிடுமாம். ஆள் கிழிக்காதாம். வீரமுத்து, ஏறி உக்காரு” என்றார் கிளாக்கர்.

இது என் கணக்கில் இல்லை. மாப்பிள்ளை தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை குதிரை ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார். கூட்டத்தில் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். கனைத்துக்கொண்டிருந்த டிரைவர்மாரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். “எறங்கு மாப்ளே” என்று இரண்டே இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பிறந்ததிலிருந்து மூடாத என் வாய் அந்த ஒரு நிமிஷம் மூடிக்கொண்டது. சொன்னால் மசகு கதை வெளியே வரும், துரையின் சவுக்கு என் முதுகைத் தேடும் என்ற பயம்.

மேலே ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏறும்போது பிரேக் எதற்கு? கொடியைச் சுற்றிக்கொண்டு கார் இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் சத்தமே வரவில்லை. “கேட்டியளா, கத்தல!” என்று கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். இரண்டாவது வளைவில் கார் வளையவே இல்லை. நேராகப் புல்லில் இறங்கி, தண்ணீர் ஓடும் கல் கானுக்குள் தலைகுப்புற விழுந்தது. துரை முன்னால் பறந்து மெத்தையான புல்லில் விழுந்து, எழுந்து உட்கார்ந்து தொப்பியைத் தேடினார். பின்னால் இருந்த பாரத்தின் இடது காலின்மேல் கார் கிடந்தது.

நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். துரை முதலில் காரைச் சுற்றிப் பார்த்தார். பின்சக்கரத்தைத் தொட்டார். விரல் கறுப்பாக வந்தது. அந்த விரலை எல்லோருக்கும் காட்டினார்.

“யார் போட்டது?” என்று கிளாக்கர் கேட்டார்.

மாப்பிள்ளையின் கையும் கறுப்பாகத்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தூரத்தில் மேய்ந்த என் மாட்டைப் பார்த்தேன்.

“நாந்தானுங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்லீங்க. சக்கரம் கத்துச்சு. போட்டேன்.”

துரைமாருக்கு இது மொழிபெயர்க்கப்பட்டதும் குன்று முழுவதும் சிரிப்பு. டிரைவர்மார் கனைத்தார்கள். கால் நசுங்கிக் கிடந்த மனிதரைச் சுற்றி நின்று கனைத்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் சிரிக்காமல் நின்றால் சந்தேகம் வருமல்லவா? நானா மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தார். குழாயைக் கழற்றிக் கொடுத்தபோது ஒட்டிய மசகு அவற்றில் இருந்தது. தார்ப்பாயை மடித்து என் வண்டியிலேயே மாப்பிள்ளையைக் கிடத்திப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் நானா அவர் தலையை மடியில் வைத்திருந்தார். என் வண்டி சத்தமே போடவில்லை. எனக்குத்தான் மசகு வைக்கத் தெரியுமே.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மம்பட்டி பிடிக்கவும் வழியில்லாமல் போயிற்று. தோட்டத்துக்குள் கார் வந்து போகும் இடத்தில் கேட் திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள். புதிய டிரைவர் வந்தான். ஆறு வருஷம், தான் உட்காரவேண்டிய இருக்கையில் இன்னொருவன் உட்கார்ந்து போவதற்கு வீரமுத்து அவர்கள் கதவு திறந்துவிட்டார்கள். “தம்பி, வலது பக்கம் பட்டை தேஞ்சிருக்கு, மாத்தச் சொல்லு” என்று சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று அந்த டிரைவரே என்னிடம் சொன்னான். பட்டையைப் பற்றி அதற்குள் அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? முறிந்துபோன நுகத்தடி ஒன்றைச் செதுக்கி அவருக்கு ஊன்றுகோல் செய்து கொண்டுபோனேன்.

“மாட்டுக் கழுத்துல கெடந்தது இப்ப எங் கக்கத்துல” என்று வாங்கிக்கொண்டார். “பரவாயில்ல மச்சான். எப்படியும் ஒங்க வண்டியத்தான் இழுக்கணும் போல.”

இன்னொன்றும் செய்தேன். குதிரைக்காரர் காருக்கு மசகு போட்ட கதையைப் போகிற கடையெல்லாம் சொன்னேன். ராணி, எலுமிச்சம்பழம், துரையின் தொப்பி எல்லாம் வரும். நாளாக ஆகக் கைகால் முளைத்து, ஊவா மாகாணம் முழுவதும் அந்தக் கதைக்கு வயிறு குலுங்கியது. அதில் நான் மட்டும் வரமாட்டேன்.

பிறகுதான் அவர் தன் வேலையைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊன்றிக்கொண்டு சந்தைக்கு வருவார். புதிதாக யாராவது உட்கார்ந்திருந்தால், “இவருக்கு அந்தக் கதையச் சொல்லுங்க மச்சான். கேட்டிருக்க மாட்டாரு” என்பார். எதிரிலேயே உட்கார்ந்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்பார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நான் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால், “எலுமிச்சம்பழத்த உட்டுட்டீங்களே” என்று எடுத்துக்கொடுப்பார். கல்யாண வீட்டில், காமன் கூத்தில், ஒருமுறை ஒரு சாவு வீட்டில்கூடச் சொல்லவைத்தார். “இன்னைக்குத் தொண்டை சரியில்ல மாப்ளே” என்றால் சுடுதண்ணி வரவழைப்பார். ஆறு வருஷம்! என் வாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்தத் துரையும் கொடுத்திருக்க முடியாது.

போன மாசம், படுக்கையில் விழுந்த பிறகு, கடைசியாக ஒருமுறை சொல்லச் சொன்னார். சொல்லிமுடித்தேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

“நல்ல கதைதான் மச்சான். அதுல ஒரு ஆளக் காணோம்” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அச்சிலிருந்த பழைய மசகையும் துடைத்தேன். பண்டாரவளையிலிருந்து பூனாகலை வரை வண்டி அழுதுகொண்டே போனது. மாடுகள் காதை மடக்கிக்கொண்டன. லயத்து வாசலில் சனம் முழுவதும் வெளியே வந்து நின்றது. அவர் மனைவி லெட்சுமி சக்கரத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தது.

“காஞ்சிதான் இருக்கு” என்றது. “அந்த மசகு நாங் குடுத்ததுன்னு ஒனக்குத் தெரியுமா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாருண்ணே.”

“அப்புறம் ஆறு வருசமா எனக்குச் சோறு போட்டியே?”

“அவருதான் போடச் சொன்னாரு. ‘வரட்டும், தெம்பாச் சாப்புட்டுட்டுக் கதையச் சொல்லட்டும்’னாரு.”

அப்படியே தலையைக் குனிந்துகொண்டு அவரை ஏற்றினேன். ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்தார்கள். கேட்டைத் தாண்டும்போது துரையின் கார் எதிரே வந்தது. வண்டியின் அலறல் தாங்காமல் துரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். எங்கள் மாப்பிள்ளைக்காக அந்தக் கார் வழிவிட்டு நின்றது அன்றுதான். அவருடைய பழைய ராணி அல்ல அது, அவளுடைய மகளாக இருக்கலாம். மயானத்தில், மண் போடுவதற்கு முன்னால், கூடியிருந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னேன். காணாமல் போயிருந்த ஆளைச் சேர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. செபமாலை மட்டும் தன் பல்லைக் கையால் மூடிக்கொண்டு அழுதார்.

பண்டாரவளைக் கடைத்தெருவில் இப்போது என் வண்டி வந்தாலே ஏச்சு. “கெழவா, மசகு போடுய்யா, காது போவுது!” என்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் போடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. மூங்கில் குழாயை அவருடைய குழியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

போய் வாருங்கள் மாப்பிள்ளை. அங்கே புதிதாக யாராவது உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடாதீர்கள். நான் வரும்போது எப்படியும் என்னைச் சொல்லவைப்பீர்கள். எலுமிச்சம்பழத்தை விடமாட்டேன்.